ரகசிய சுவிட்ச்காரர்

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 26-ஆம் தேதி. ரகசிய சுவிட்ச்காரர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டார். நான்குமுனைச் சந்திப்பு, தியாகதுருகம், சங்கராபுரம், எந்த டீக்கடை வாசலிலும் இவரைப் பார்க்கலாம். டிவிஎஸ் எக்ஸெல் மொபெட்டை ஸ்டாண்டு போட்டதும் நேராகக் கடைக்குள் வரமாட்டார். இடமும் வலமும் ஒரு நோட்டம் விடுவார். வேட்டியைச் சரிசெய்கிற சாக்கில் குனிவார். கை சீட்டுக்கு அடியில் போய்வரும். டக்கென்று ஒரு சத்தம். பிறகு நிமிர்ந்து, ரிசர்வ் வங்கிப் பெட்டகத்தைப் பூட்டிய முகத்தோடு, "ஒரு டீ, சக்கரை கம்மி" என்பார்.

ஓசூரில் 1980-இல் டிவிஎஸ் 50 பிறந்தது. அதற்கும் முன்னால், 1972-இலேயே லூனா வந்துவிட்டது. இரண்டுமே பெடல் வைத்த வண்டிகள். இன்ஜின் மக்கர் பண்ணினால் சைக்கிளாக மிதித்தே வீடு சேரலாம். இவற்றுக்குப் பின்வந்த எக்ஸெல்லில் காலப்போக்கில் பெடல் போய், மூட்டை வைக்க இடம் வந்தது. காலுக்கு நடுவே மரவள்ளி மூட்டை, பின்னால் மக்காச்சோள மூட்டை, அதன்மேல் மச்சினன் பையன் என்று இந்த வட்டாரம் ஓடுவது அதில்தான். அப்படிப்பட்ட வண்டியை யாராவது தூக்கிவிட்டால்? அதற்காகத்தான் சுவிட்ச் என்று சொல்லிக்கொள்வார். நம்பாதீர்கள். சுவிட்ச் திருடனுக்காக வைத்ததல்ல, மச்சினனுக்காக வைத்தது.

"மாமா, வண்டியக் குடுங்க. சின்னசேலம் வரைக்கும் போய்ட்டு ஒரு மணி நேரத்துல வந்துர்றேன்."

"எடுத்துக்கயேன்டா, இதெல்லாமா கேப்பாங்க? சாவி ஆணியிலதான் தொங்குது."

மச்சினன் உதைப்பான், உதைப்பான், சட்டை நனைய உதைப்பான். இவர் திண்ணையில் உட்கார்ந்து, "பிளக்குல கரி ஏறியிருக்கும்டா. உனக்குன்னு பாத்து இப்படி ஆவுதே" என்று உண்மையாகவே வருத்தப்படுவார். அவன் பஸ்ஸைப் பிடிக்கப் போன பிறகு ஒரு டக். ஒரே உதையில் வண்டி கிளம்பும். பெட்ரோலும் மிச்சம், சொந்தமும் மிச்சம்.

மின்சாரத்தில் இவருக்கு இருக்கும் ஞானத்தைக் குறைத்து எடைபோடக் கூடாது. "வூட்டுல லைட்டு எரியணும்னா ஒயரச் சேக்கணும். இதுல இன்ஜின் அணையணும்னா ஒயரச் சேக்கணும்" என்று பாடம் தொடங்குவார். சரியான பாடம்தான். பழைய எக்ஸெல்லில் பிளக்குக்குப் பொறி கொடுப்பது பேட்டரி இல்லை, மேக்னெட். இன்ஜினின் ஃபிளைவீலோடு காந்தம் சுற்றுகிறது, காயிலில் மின்சாரம் பிறக்கிறது. அந்த மின்சாரம் பிளக்குக்குப் போகாமல் வழியிலேயே வண்டியின் பாடியில் இறங்கிவிட்டால் பொறி இல்லை, இன்ஜின் இல்லை. சாவியைத் திருகி அணைக்கும்போது நடப்பதும் இதுவேதான். இவர் செய்தது, அந்த ஒயரிலிருந்து இன்னொரு கிளை இழுத்து, சீட்டுக்கடியில் சுவிட்ச் வைத்து, மறுமுனையை ஒரு போல்ட்டில் எர்த் கொடுத்தது. முதலில் வைத்தது காலிங் பெல் சுவிட்ச். அது அமுக்கிக்கொண்டிருக்கும் வரைதான் வேலை செய்யும். வண்டியைக் காக்க ராத்திரி முழுக்கப் பக்கத்திலேயே உட்கார்ந்து அமுக்க வேண்டும் என்பது புரிந்ததும் பெட் சுவிட்சுக்கு மாறினார்.

அக்கம்பக்கத்துப் பையன்கள் சைக்கிளில் மோட்டார் கிட் மாட்டிக்கொண்டு வந்தாலும் ஒயரிங் இவர்தான். "போலீஸ் கேட்டா, சைக்கிள்தான் சார்னு சொல்லு" என்று சட்ட ஆலோசனையும் உண்டு. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 25 சிசி வரைக்கும்தான் கண்ணை மூடிக்கொள்ளும். கிட்டின் அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் 80 என்று போட்டிருக்கும்.

ஒருமுறை சாமை வாங்க வெள்ளிமலைக்குப் போனார். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையையும் தாண்டி, மலைப்பாதையில் ஏறும்போது மழை. வளைவில் வண்டி நின்றுவிட்டது. இவர் இழுத்த ஒயர் சேஸில் உரசி உரசித் தோல் தேய்ந்து, ஈரத்தில் தானே எர்த் ஆகிவிட்டது. மச்சினனுக்கு வைத்த கண்ணியில் மாமா. சுவிட்சை இப்படித் தட்டினார், அப்படித் தட்டினார், பலனில்லை. கல்வராயன் மலைக்காரர் ஒருவர் தன் வண்டியை நிறுத்தி, சீட்டைத் தூக்கிப் பார்த்து, அந்த ஒயரைச் சாவிக்குப் போகும் ஒயரோடு சேர்த்து அடியோடு பிடுங்கிக் கையில் கொடுத்துவிட்டு, "இப்ப ஒதைங்கண்ணா" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. ரகசியப் பாதுகாப்பை உடைக்க ஒரு விநாடி போதும் என்ற உண்மையை இவர் யாரிடமும் சொல்லவில்லை.

கிளம்பியது சரி, நிறுத்துவது? மலை இறங்கி நேராக ஒரு சாவு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. சாவியைத் திருகினார், ஓடியது. சாவியை உருவினார், ஓடியது. பெட்ரோல் காக்கை மூடினார். கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர வேண்டுமே, அதுவரைக்கும் ஓடியது. துக்கம் விசாரிக்க வந்தவர் பந்தல் வாசலில் டுர்ர்ர் என்று நின்றார். மேளக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும், "பாவம், செத்தவரு மேல அவ்ளோ பாசம், வண்டிகூட அழுவுது" என்றாள்.

இத்தனைக்குப் பிறகும் சுவிட்ச் போகவில்லை. புது ஒயர், சீட்டுக்கடியிலேயே புது இடம். ஆனால் யாருக்கும் தெரியாத சாமர்த்தியத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? "ஒனக்கு மட்டும் சொல்றேன், வெளிய உட்றாத" என்று டீக்கடையில் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டார். தெருவுக்கே தெரியும். மச்சினனுக்கும் தெரியும். வண்டியை எடுத்துப் போய்விட்டு, திரும்ப வந்ததும் அவனே சுவிட்சைப் போட்டுவைக்கிறான்.

வீட்டில் இருப்பவர் ஒருவருக்குத்தான் தெரியாது. இவர் ஊரில் இல்லாத அன்று பால் சொசைட்டிக்குக் கேனோடு கிளம்பி, உதைத்து ஓய்ந்து, மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கிறார். மெக்கானிக் பிளக் மாற்றி, காயில் மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி, கடைசியில் சீட்டைத் தூக்கியிருக்கிறார். மாற்றிய சாமானுக்கெல்லாம் சேர்த்து வந்த பில்லுக்கான பணத்தை, சாயங்காலம் ஊர் திரும்பிய இவர் வாயைத் திறக்காமல் கொடுத்தார்.

உங்கள் வண்டியிலும் இப்படி ஒன்று இருக்குமானால், ஐயா, டீக்கடையில் சொல்வதற்கு முன்னால் வீட்டில் சொல்லிவிடுங்கள்.