ஜோசியருக்கு முந்திக்கொண்ட பிள்ளை

எண்பதுகளின் தொடக்கத்தில், மதுரை மருத்துவக் கல்லூரியின் மை காயாத பட்டத்தோடும், கக்கத்தில் முதலியார்–மேனன் எழுதிய தடித்த பிரசவப் புத்தகத்தோடும், எவ்வளவு முறுக்கியும் வயதைக் கூட்டிக் காட்டாத மீசையோடும் உசிலம்பட்டிப் பக்கம் அரசு டாக்டராகப் போய் இறங்கியபோது, ஊர் மருத்துவச்சி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் கல்யாணம் ஆயிருச்சா?" என்றார். இல்லை என்றேன். "அப்பச் சித்த வெளிய நில்லுங்க, கூப்புடுறேன்." நின்றேன். அவர் என்னைக் கூப்பிட்டதெல்லாம், கூப்பிடாமல் இருந்தால் தேவலை என்று நான் வேண்டிக்கொண்டிருந்த நேரங்களில்தான்: பிள்ளையின் கை முதலில் வந்துவிட்டால், நஞ்சுக்கொடி விழாமல் உதிரம் கொட்டினால், மாசமான பெண்ணுக்கு வலிப்பு கண்டால்.

வலிப்பென்றால் வீட்டார் முதலில் தேடிப் போவது பூசாரியை. அவர் கைவிட்ட பிறகு மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி எங்களிடம் கொண்டுவருவார்கள். இருட்டறை வேண்டும், சத்தமே கூடாது என்றது புத்தகம். நாங்களும் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டினோம், வெளியே பாதி ஊர் ஒப்பாரிக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. சென்னையில் கிருஷ்ண மேனன் வகுத்து 1961-இல் எழுதிய முறைப்படி மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்துத் தூங்கவைப்போம். நம் ஊர்க்காரர் கண்ட வழி என்று எனக்கு அதில் தனிப் பெருமை, என்னவோ நானே பக்கத்தில் நின்று கலந்த மாதிரி. 1995-இல் பல நாடுகளில் நடந்த ஆய்வொன்றில் டயஸிபாமையும் ஃபெனிடாய்னையும் மக்னீசியம் சல்ஃபேட் தோற்கடிக்க, அந்தப் பந்தயத்தில் ஓடாமலேயே எங்கள் கலவையும் ஓய்வுபெற்றது. ஜெயித்தது வேறொன்றுமில்லை, எங்கள் அப்பத்தா எங்களைத் துரத்திப் பிடித்துக் குடிக்கவைத்த அதே பேதி உப்பின் சரக்கு.

பிள்ளையின் இதயத்தைக் கேட்க அப்போது ஒரு மரக்கூம்பு இருந்தது. அதன் ஒரு முனையை வயிற்றில் ஊன்றி, மறுமுனையில் காதை அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தால், போடி பாசஞ்சர் போகும் இரைச்சலெல்லாம் அடங்கி எங்கோ ஆழத்தில் அது கேட்கும். உலகத்தில் அந்த நிமிஷம் அதைக் கேட்டவன் நான் ஒருவன்தான். இப்போது டாப்ளர் வைத்தால் வராண்டாவரை குதிரை ஓடுகிறது, மாமியார் செல்போனில் பதிந்து துபாயில் இருக்கும் மகனுக்கு அனுப்புகிறார். நல்லதுதான். ஆனாலும் அந்தக் கூம்பை என்னிடமிருந்து யாரோ பிடுங்கிக்கொண்ட மாதிரி எனக்கு ஒரு கோபம்.

உதிரப்போக்குக்கு எங்களிடம் இருந்தவை மெத்தர்ஜின் ஊசி, ஒரு முஷ்டி, பிறகு கடவுள். ஒரு கை உள்ளே, ஒரு கை வயிற்றின் மேல், நடுவில் கர்ப்பப்பையை நெருக்கிப் பிடித்து, தோள்வரை மரத்துப்போகும்வரை நிற்க வேண்டும். ரத்தம் வேண்டுமென்றால் மதுரைக்கு ஆள் போக வேண்டும்; யார் கொடுப்பது என்று கேட்ட மறு நிமிஷம் வெளியே நின்ற மாமன் மச்சான்மார் டீக்கடைப் பக்கம் கரைந்திருப்பார்கள். அதே கட்டிடத்தின் ஸ்டோர் ரூமிலோ குடும்பக் கட்டுப்பாட்டுக்கென்று வந்திறங்கிய நிரோத் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். வளாகத்துச் சிறுவர்கள் அதை ஊதிப் பலூனாகப் பறக்கவிட, நான் அரசாங்கச் சொத்து என்று கத்திக்கொண்டு துரத்துவேன். அப்புறம் வங்கதேசத்து டாக்டர் சாயிபா அக்தர், ரப்பர் குழாய் முனையில் ஆணுறையைக் கட்டிக் கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைனை நிரப்பி உப்பவைத்து உதிரத்தை நிறுத்தியதை 2003-இல் எழுதினார். அதைப் பலூனாகவும் பயன்படுத்தலாம் என்று எங்கள் பையன்களுக்கு மட்டும் எப்படியோ முன்பே தெரிந்திருக்கிறது.

இப்படி அந்தக் காலத்தை நினைத்து உருகுகிறவன் எவனும் வார்டின் ஒரு கட்டிலைத் தாண்டித்தான் வர வேண்டும். இரண்டாவதோ மூன்றாவதோ பெண்ணாகப் பிறந்த அன்று சீனி கொடுக்க யாரும் வர மாட்டார்கள். மறுநாள் விடிகாலையில், யாரிடமும் சொல்லாமல், கட்டில் காலியாகியிருக்கும். எங்கே என்று அங்கே யாரும் கேட்பதில்லை. 1986-இல் 'இந்தியா டுடே' எங்கள் பக்கத்துப் பெண்சிசுக் கொலையைப் பற்றி எழுதியபோது தேசமே அதிர்ந்தது, அதற்கப்புறம் உசிலம்பட்டிக்காரன் என்று வெளியூரில் சொல்லிக்கொள்ளவே கூச்சமாயிற்று. 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்தது, 1994-இல் ஸ்கேனுக்குச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஸ்கேன் அறைச் சுவரில், ஆணா பெண்ணா என்று சொல்வது குற்றம் என்ற பலகைக்கு நேர் கீழே உட்கார்ந்துகொண்டு, "சட்டை எடுக்கிறதா கவுன் எடுக்கிறதான்னு மட்டும் சொல்லுங்க சார்" என்கிறார்கள்.

அன்றைக்குக் கத்தி எடுக்கத் தாமதமாகி உயிர் போனது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 பிரசவம் ஆஸ்பத்திரியில், 44.9 சிசேரியன், தனியாரில் அது 63.8. மூன்றாவது சிசேரியனுக்கு வரும் பெண்ணின் பழைய தையல் தழும்பில் நஞ்சுக்கொடி வேர்விட்டிருப்பதையும், மூத்திரப்பை கர்ப்பப்பையோடு ஒட்டிக் கிடப்பதையும், கடைசியில் கர்ப்பப்பையையே எடுக்கும்படி ஆவதையும் என் மாணவர்கள் போனில் சொல்லும்போது, அது எங்கள் புத்தகத்தில் இரண்டொரு பத்திதானே என்று நினைத்துக்கொள்வேன். கத்தி வேண்டிய இடத்தில் வேண்டும்தான், அதில் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் புதன்கிழமை ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள் என்று ஜோசியர் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுக்கும் இடத்திலும் வேண்டுமா?

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அப்படித்தான் நாள் குறித்து, மதுரையில் அறையும் பேசி வைத்திருந்தது. பிள்ளைக்குப் பொறுமையில்லை. முந்தின ராத்திரியே வலி கண்டு, 108-இல் ஏற்றி, கருமாத்தூர் தாண்டி செக்கானூரணி எட்டுவதற்குள் சுகப்பிரசவமாகிவிட்டது. ஜாதகம் கணிக்கப் பிறந்த ஊர் வேண்டும் என்று ஜோசியர் கேட்க, தகப்பன் ஆம்புலன்ஸ் ஊழியரைக் கேட்க, அவர், "வண்டி ஓடிக்கிட்டுல்ல அண்ணே இருந்துச்சு" என்று சொல்ல, மூன்று பேரும் கூகுள் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள்.