மண்டையில நடவு

ஏ மருமவனே, வா உக்காரு. தொப்பியக் கழட்டு, உன் நெத்தி எங்க போய் முடியுதுன்னு ஊருக்கே தெரியும். தலையில முடி நடப் போறியாம்லா? எங்கக்கா சொன்னா. நல்லது, போ. போறதுக்கு முன்னால இந்த மாமன் மண்டைய ஒரு தடவ பாத்துக்கோ. சீப்புச் செலவே கிடையாது.

எந்த டாக்டரும் முடியப் புதுசா உண்டாக்கித் தர மாட்டாரு. பின்மண்டையில நிக்கத எடுத்து முன்னால நடுவாரு, அவ்வளவுதான். பின்மண்டை நாத்தங்கால்னு வையி. எடுத்த எடத்துல திரும்ப முளைக்காது. நாத்து கொஞ்சம், வயக்காடு பெருசுன்னா என்னலே செய்வே?

உனக்கு வயசு 23. இன்னும் கொட்டிக்கிட்டுக் கெடக்கு. இப்ப நெத்தியோரம் நட்டா, அது நிக்கும். அதுக்குப் பின்னால உள்ளது போயிரும். முன்னால ஒரு வரிசை, பின்னால ஒரு வரிசை, நடுவுல பொட்டல். அதப் பாத்துச் சிரிக்க நான் உசுரோட இருக்கணுமேன்னுதான் கவலை. அதான் தோல் டாக்டரு மொதல்ல மினாக்சிடில், மாத்திரைன்னு தடுத்துப் பாக்கச் சொல்லுதாரு. நட்ட பிறகும் மிச்சத்தக் காக்க அதெல்லாம் வேணும். தைராய்டு, ரத்தசோகைன்னா அதுக்கு வைத்தியம் பாரு. புழுவெட்டுன்னா கத்திப் பக்கம் அவசரப்பட்டுப் போவாத.

நட்ட கையோட தை மாசம் நிச்சயம் வச்சிராத. நட்ட முடி ஒரு மாசத்துல கொட்டிரும். வேரு உள்ள இருக்கும். நாலாம் மாசம் போலத் தல காட்டும். முழுசாத் தெரிய ஒரு வருசம் ஆவும். எடையில பொண்ணு பாக்கப் போனியோ, தொலைஞ்சே.

நடுத ஒவ்வொரு நாத்துக்கும், அதாவது கிராஃப்டுக்கு, இவ்வளவுன்னு துட்டு வாங்குவாங்க. “ஆடித் தள்ளுபடி”ன்னு எவனாவது சொன்னா செருப்ப மாட்டிட்டு வந்துரு. கத்தி பிடிக்கது டாக்டரா, கம்பவுண்டரான்னு கேளு. யூட்யூப் பாத்துப் படிச்சதெல்லாம் இதுக்குப் பத்தாதுன்னு 2022ல தேசிய மருத்துவ ஆணையமே சொல்லியிருக்கு. அப்படிச் சொல்ல வேண்டி வந்திருக்குன்னா, எவனோ படிச்சிருக்கான்லா?

கொட்டுதது அடங்கட்டும், பின்னால நாத்தும் இருக்கட்டும். அப்பவும் ஆசை விடலன்னா நானே துட்டுத் தாரேன். ஆனா ஒண்ணு. பாத்த பொண்ணுவ எல்லாம் வழுக்கைக்காவத்தான் வேண்டாம்னுச்சுன்னு நெனைக்கியே, அங்க நீ பேசுன பேச்ச நான் பக்கத்துல இருந்து கேட்டேம்லா. அதுக்கு எந்த ஊர்ல ஆபரேஷன் பண்ணுதாங்கன்னு மொதல்ல விசாரி.