ஸ்டீல்ஹெட் முல்லை: குளிர்காலத் தூண்டில் பற்றிய ஒரு திணை ஆராய்ச்சி

ஸ்டீல்ஹெட் மீனுக்கு இனம் கண்டுபிடிப்பதில் மீனியலார் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் அதை அட்லாண்டிக் சால்மனோடு சால்மோ பேரினத்தில் குடியிருத்தியிருந்தார்கள். 1989இல் எலும்புச் சான்று முதலியவற்றை எடைபோட்டு, அதன் உண்மையான உறவினர் பசிபிக் சால்மன்களே என்று தீர்ப்பளித்து, ஆன்கோரிங்கஸ் மைகிஸ் என்று பெயரை மாற்றினார்கள். பேரினம் திருத்தப்பட்டது, திணையைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. வட அமெரிக்காவின் பசிபிக் கரை ஆறுகளில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை, மார்பளவு ரப்பர் உடை அணிந்து, உறைநிலைக்குச் சற்றே மேலான நீரில் நின்று இந்த மீனுக்காகத் தூண்டில் வீசுகிறவர்களின் ஒழுக்கம் ஐந்திணையுள் எதைச் சார்ந்தது? தூண்டில் நூல்கள் எந்த முள், எந்த ஈயம், எந்த இரை என்றே பேசுகின்றன. கருப்பொருளில் தொடங்கிக் கருப்பொருளிலேயே முடிகின்றன. இக்கட்டுரை உரிப்பொருளை ஆராய்கிறது. குளிர்கால ஸ்டீல்ஹெட் தூண்டில் முல்லைத்திணையே என்பதும், அதன் உத்திகள் அனைத்தும் இருத்தல் என்னும் ஒரே உரிப்பொருளின் உட்பிரிவுகளே என்பதும் இதன் முடிபு.

மீன் என்றதும் நெய்தல் என்று சொல்லத் தோன்றும். ஆனால் மீனைக் கண்டு திணை துணிவது, மீன்கடையைக் கண்டு தெருவைக் கடற்கரை என்பதற்கு ஒப்பாகும். முதற்பொருளிலிருந்து வருவோம். வாஷிங்டன் மாநிலத்தின் மேற்கு ஓரத்து ஒலிம்பிக் தீபகற்பம், ஹோ, சோல் டக், போகச்சீல், கலாவா ஆகிய ஆறுகள் ஓடும் இடம். குளிர்கால ஸ்டீல்ஹெட்டுக்குப் பேர்போனது. அந்த ஆறுகளின் கரைகளில் இருப்பது மணலும் புன்னையும் அல்ல. சிட்கா ஸ்ப்ரூஸும் ஹெம்லாக்கும் பாசி போர்த்து நிற்கும் மழைக்காடு. காடும் காடு சார்ந்த இடமும் முல்லை என்பது பள்ளிப் பிள்ளையும் அறிந்தது. முல்லைக்குரிய விலங்கு மான். ஹோ பள்ளத்தாக்கில் மேய்வது ரூஸ்வெல்ட் எல்க் என்னும் பெருமான். அதைக் காக்கும் நோக்கத்தோடுதான் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் அந்த மலைக்காட்டைத் தேசிய நினைவிடமாக்கினார். பொழுதுக்கு வந்தால், குளிர்காலம் என்பதால் கூதிரும் முன்பனியும் கொண்டு குறிஞ்சி என்று வாதிடுவோர் உண்டு. அவர்கள் நாட்காட்டியைப் பார்க்கிறார்களே தவிர வானத்தைப் பார்ப்பதில்லை. அந்தக் கரையில் ஆண்டுக்கு 3 மீட்டருக்கும் மேல் பெய்யும் மழையின் பெரும்பகுதி அக்டோபருக்கும் ஏப்ரலுக்கும் இடையில்தான் கொட்டுகிறது. பெயரளவில் குளிர்காலம், பெய்யும் அளவில் கார்காலம். ஆக நிலமும் பெரும்பொழுதும் முல்லைக்கே சாட்சி சொல்கின்றன.

இனித் தலைவனைப் பார்ப்போம். ஸ்டீல்ஹெட் ஆற்றில் பிறந்து, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகள் அங்கேயே வளர்ந்து, பின் கடலுக்குப் போகிறது. வட பசிபிக்கில் ஒன்று முதல் மூன்று ஆண்டுகள் வரை திரிந்து உடல் பெருத்து, மழையில் ஆறு பெருகும் காலத்தில், பிறந்த ஆற்றின் வாசனையை மோந்தபடி அதே ஆற்றுக்குத் திரும்புகிறது. வினைமேற் சென்ற தலைவன் கார்காலத்தில் மீள்வான் என்று காத்திருப்பதே முல்லையின் கதை. இதைவிடப் பொருத்தமான தலைவனை எந்த மீனினமும் தராது. மற்றப் பசிபிக் சால்மன்கள் ஒருமுறை முட்டையிட்டதும் இறந்துபோகின்றன. அவற்றின் வருகையில் கையறுநிலையின் சாயல் கலந்துவிடுவதால் திணை கெடுகிறது. ஸ்டீல்ஹெட்டுக்கோ முட்டையிட்ட பின்னும் உயிர்பிழைத்துக் கடலுக்குப் போய் மறுபடி வரும் வாய்ப்பு உண்டு. எதிர்ச்சான்று வேண்டுவோர் நீலகிரிக்குப் போகலாம். ஆங்கிலேயர் காலத்தில் அவலாஞ்சியில் பொரிப்பகம் வைத்து அங்குள்ள ஓடைகளில் விடப்பட்ட ரெயின்போ ட்ரௌட்டும் இதே ஆன்கோரிங்கஸ் மைகிஸ்தான். ஆனால் அது கடலுக்குப் போவதில்லை. பிரிவு இல்லாததால் மீட்சி இல்லை. மீட்சி இல்லாததால் முல்லையும் இல்லை. ஒரே இனம், இரண்டு ஒழுக்கம். திணையை நிர்ணயிப்பது உயிரியல் அல்ல என்பதற்கு இதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

எழக்கூடிய தடைகளுள் வலியது மருதத் தடை. ஆறும் கயமும் மருதத்துக்குரியவை. அதோடு, குளிர்காலத்தில் ஆறேறும் ஸ்டீல்ஹெட் கிட்டத்தட்ட உண்பதே இல்லை. இனப்பெருக்கத்துக்கு முதிர்ந்த நிலையில், கடலில் சேர்த்த கொழுப்பை நம்பி வருகிறது. மூக்குக்கு முன்னால் உணவு போனாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. தூண்டில்காரர்களோ வெண்காரம் இட்டுப் பதப்படுத்திய சால்மன் சினை, ஆரஞ்சு நிறக் கம்பளி நூல், இளஞ்சிவப்பு ரப்பர் புழு என்று ஒன்று மாற்றி ஒன்றாகத் தூதுவிட்டபடி இருக்கிறார்கள். பாணனையும் விறலியையும் வாயிலாக அனுப்புவதும், அவர்கள் வாயில் மறுக்கப்பட்டுத் திரும்புவதும் மருதத்தின் வழக்கம் அன்றோ, இது ஊடலன்றி வேறென்ன என்பது தடை. விடை எளிது. ஊடலுக்கு எதிராளி ஒருவர் வேண்டும். கரையில் ஒருவர் நிற்கிறார் என்று தெரிந்தால் ஸ்டீல்ஹெட் ஊடாது, ஓடிவிடும். அதன் மறுப்புக்குக் காரணம் மனத்தாங்கல் அல்ல, வெப்பநிலை. மீனின் உடல்வெப்பம் நீரின் வெப்பத்தோடு இறங்குவது. நீர் 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே போனால் வளர்சிதை மாற்றம் மந்தமாகி, மீன் வேகநீரை விட்டு விலகி, ஆழமான, மெதுவாக ஓடும் நீரின் அடியில் ஒடுங்குகிறது. இரைக்காக வெகுதூரம் நகர்வது வரவைவிடச் செலவு அதிகமான வேலை. பிறகு எதற்காகத்தான் அவ்வப்போது தூண்டிலைக் கவ்வுகிறது? இளமையில் ஆற்றில் பூச்சி தின்ற பழக்கம் என்பர் ஒரு சாரார். இடத்தைக் காக்கும் சினம் என்பர் இன்னொரு சாரார். கை இல்லாத உயிர் எதையும் வாயால்தான் தொட்டுப் பார்க்கும் என்பர் மூன்றாம் சாரார். மூன்றிலும் ஊடல் இல்லை என்பதே நமக்கு வேண்டிய முடிபு.

மீன் நகராது என்பது நிறுவப்பட்டதால், நகர வேண்டிய கடமை தூண்டிலுக்கு வந்து சேர்கிறது. எல்லா உத்திகளும் இந்த ஒரு கடமையின் விளக்கவுரைகளே. மனிதர் நிதானமாக நடக்கும் வேகத்தில் ஓடும், ஆள் ஆழம் வரையுள்ள நீரைத் தேடு என்பது முதல் விதி. வேகநீரும் மந்தநீரும் உரசிக்கொள்ளும் கோடு, பெரிய பாறையின் முன்னும் பின்னும், மடுவின் அடிப்பகுதி மேடேறி மீண்டும் ஓட்டமெடுக்கும் கடைவாய் ஆகியவை மீன் தங்கும் இடங்கள். இரண்டாம் விதி ஆழம் பற்றியது. ஆற்றின் அடிநீர் கல்லோடு உராய்வதால் மேல்நீரைவிட மெதுவாக ஓடும். ஆகவே தக்கையை மேல்நீரின் போக்கில் விட்டுவிட்டால் அது இரையை அடிநீரைவிட வேகமாக இழுத்துக்கொண்டு போகும். மீன் நினைத்துப் பார்ப்பதற்குள் இரை கடந்துவிடும். தக்கைக்காரர்கள் நரம்பை லேசாகப் பிடித்துத் தக்கையைத் தாமதப்படுத்துவது இதனால்தான். ஈயத்தை அடியில் உருட்டுகிறவர்களின் பள்ளியில், ஈயம் ஓயாமல் கல்லில் இழுபடவும் கூடாது, தொடாமலே போகவும் கூடாது; விட்டுவிட்டுத் தட்ட வேண்டும். இந்தப் பள்ளியில் மீன் கடிப்பதன் அடையாளம் நரம்பு நின்றுபோவது. கல்லில் சிக்கியதன் அடையாளமும் அதுவே. இதனால் ஒவ்வொரு கல்லும் ஒரு கணம் மீனாக இருந்து பின் கல்லாகிறது. மூன்றாவது பள்ளியினர், ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றின் பெயரால் வழங்கும் இருகைக் கோலால், மூழ்கும் நரம்பில் இறகுப்பூச்சியைக் குறுக்கே வீசி, அது ஆற்றை அரைவட்டமாகக் கடந்து கரையோரம் வந்து நிற்கும் வரை ஒன்றும் செய்யாமலிருக்கிறார்கள். பின் கீழ்நோக்கி இரண்டு அடி வைத்து மறுபடி வீசுகிறார்கள். மூன்று பள்ளிகளும் ஒன்றையொன்று கடுமையாக ஏளனம் செய்தாலும், தாமதப்படுத்து, தட்டிக் கேள், ஒன்றும் செய்யாதே என்னும் அவற்றின் மூலக்கோட்பாடுகள் மூன்றும் இருத்தலின் வகைகளே.

இதற்குக் கணக்குச் சான்றும் உண்டு. ஸ்டீல்ஹெட் ஆயிரம் வீச்சுக்கு ஒரு மீன் என்பது தூண்டில்காரர் பழமொழி. வீசி, இரை ஓடி முடிந்து, நரம்பைச் சுற்றியெடுக்க ஒரு வீச்சுக்கு ஒன்றரை நிமிடம் என்று கொண்டால், ஆயிரம் வீச்சுக்கு 25 மணி நேரம் ஆகும். ஒலிம்பிக் தீபகற்பத்தில் டிசம்பர் இறுதிப் பகற்பொழுது ஏறத்தாழ 8 மணி 20 நிமிடம். எனவே ஒரு மீனுக்கு மூன்று முழுப் பகல். சிக்கிய மீனோடு போராடும் நேரம் 10 நிமிடம் என்று தாராளமாகவே வைத்தாலும், 1500 நிமிடத்தில் அது நூற்றில் ஒரு பங்குகூட வராது. மீன் கைக்கு வருவதால் இது புணர்தல், ஆகவே குறிஞ்சி என்று வாதிடுவோர் இந்த விகிதத்தைக் கவனிக்க வேண்டும். அதோடு, கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்ட பொரிப்பக மீனைத்தான் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். காட்டு மீனைத் தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்காமலே அவிழ்த்துவிட வேண்டும். கைக்கு வந்ததும் விட்டுவிடுவதைப் புணர்தலென்று எந்த உரைகாரரும் ஒப்பார். அரசாணையும் நம் பக்கமே. மீன் வரத்து குறைந்ததால் 2020 டிசம்பரில் வாஷிங்டன் மாநில மீன்வளத் துறை, அந்தக் கடற்கரை ஆறுகளில் மிதவையில் இருந்தபடி தூண்டில் போடுவதையும் உணவு இரைகளையும் தடைசெய்தது. படகில் போகலாம், தூண்டில் போட இறங்கி நிற்க வேண்டும் என்றது அந்த ஆணை. இருத்தலுக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்த இடம் இது.

காத்திருப்பதே உத்தி என்றால் கற்றவரும் கல்லாதவரும் சமமாக அல்லவா பிடிக்க வேண்டும், ஆனால் தேர்ந்தவர்கள் மீண்டும் மீண்டும் பிடிக்கிறார்களே என்பது எஞ்சிய தடை. இது முல்லையைச் சோம்பலென்று எண்ணுவதால் வருவது. முல்லைத் தலைவி சும்மா இருப்பதில்லை. முல்லைப்பாட்டில் அவளுக்காக முதுபெண்டிர் ஊர்ப்புறத்துக்குப் போய் விரிச்சி கேட்டு நற்சொல் அறிந்து வருகிறார்கள். இன்றைய விரிச்சி அமெரிக்க நிலவியல் ஆய்வுத் துறையின் ஆற்றுமானி. மழை பெய்து ஆறு ஏறும்போது மீனும் ஏறுகிறது, ஆனால் கலங்கிய நீரில் இரை அதன் கண்ணுக்குத் தெரியாது. மானியின் கோடு இறங்கத் தொடங்கி, பழுப்பு நீர் பச்சையாகி, ஒன்றிரண்டு மீட்டர் ஆழம் கண்ணுக்குத் தெரியும் நாளே நல்ல நாள். சோல் டக் விரைவில் தெளியும்; பனியாற்று வண்டல் கலந்த ஹோ தெளியக் காலம் பிடிக்கும். இதை அறிந்தவர் எந்த ஆற்றில், எந்த நாளில் இருப்பது என்று அறிகிறார். சிறுபொழுதிலும் அப்படியே. விடியலில் கூட்டம் கூடுவதற்குக் காரணம் மீன் மட்டுமல்ல, மற்றத் தூண்டில்காரர்கள் மடுவைக் கலக்குவதற்கு முன் போய்விட வேண்டும் என்ற பதற்றமும்தான். உறைபனி இரவுக்குப் பின் நீர் சற்றே வெப்பமேறி மீன் இளகுவது பிற்பகலில். அதிகாலையில் வந்தவர் கோலின் வளையங்களில் உறைந்த பனிக்கட்டியை உடைத்துக் களைத்து வீடு திரும்பும் நேரத்தில், முல்லைக்குரிய மாலை நோக்கிப் பொழுது சாயச் சாய வாய்ப்பு கூடுகிறது. தேர்ந்தவரும் காத்திருக்கவே செய்கிறார்; ஆனால் மீன் இருக்கும் இடத்தில், மீனின் ஆழத்தில், மீனின் பொழுதில் காத்திருக்கிறார். அறிவு இருத்தலுக்கு மாற்று அல்ல, அதன் இலக்கணம்.

இந்த முடிபிலிருந்து ஒரு நடைமுறை விதி கிளைக்கிறது. உத்தியின் சாரம் நீரில் நிற்பது என்றால், தலையாய கருவி கோலுமல்ல, முள்ளுமல்ல, கம்பளிக் காலுறை. மூன்று பகலில் ஒரு மீன் என்னும் கணக்கில், கால் மரத்துப்போய் இரண்டாம் பகலில் கரையேறுகிறவர் எத்தனை விலைகொடுத்த கோலை வைத்திருந்தாலும் கணக்குக்கு வெளியே போய்விடுகிறார். ஆகவே இரைப்பெட்டிக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைப் பாதங்களுக்கு மாற்றுக என்பது இந்த ஆய்வின் பரிந்துரை. இறுதியாக, எந்த இலக்கணத்துக்கும் புறனடை வேண்டும். முதல் வீச்சிலேயே மீன் பிடித்தவர் இந்த விதிகளுக்குள் அடங்கமாட்டார். ஆனால் அவரை எதிர்ச்சான்றாகக் கொள்ள வேண்டிய தேவை இல்லை. அவர் சொல்வதை மற்றத் தூண்டில்காரர் ஒருவரும் நம்பப் போவதில்லை. நம்பப்படாத சான்று எந்த ஆய்விலும் செல்லாது.