கடாரம் கொண்டானும் நாசி கண்டானும்

ஜார்ஜ் டவுன்,
பினாங்கு.

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

"வாட்ஸ்அப்ல வர்றது சேதி, தபால்ல வர்றதுதான் கடுதாசி" என்று நீங்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டதால், பேனாவைத் தேடிப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன கடிதத்தைச் சிவப்பு மையில் திருத்தி, பத்துக்கு ஐந்தரை போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். கூட இருக்கும் பையன்கள் அதைச் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

தைப்பூசத்துக்கு வருகிறீர்கள் என்றதும் சந்தோஷம். எதைப் பார்ப்பது, எதைத் தின்பது என்று விவரம் கேட்டிருந்தீர்கள். அதற்கு முன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். அம்மாவிடம் போனில் "இங்க தினமும் நாசி கண்டார்தான்" என்று சொன்னேன். சொன்னது அவ்வளவுதான். "எவன்டா உன் மூக்கைக் கண்டான்?" என்று ஆரம்பித்து, சனிக்கிழமைக்குள் எனக்கு மூக்கில் ஆபரேஷன் என்று திருமழபாடி சன்னதித் தெரு முழுக்கச் செய்தி பரவி, வைத்தியநாதருக்கு அர்ச்சனையும் நடந்துவிட்டதாகக் கேள்வி. மலாயில் நாசி என்றால் சோறு. கண்டார் என்றால் தோளில் கம்பு வைத்து இரண்டு பக்கமும் சுமை தொங்கவிட்டுத் தூக்குவது. நம்மூர்க் காவடி மாதிரி. காவடிச் சோறு என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கு முழுசாக இருக்கிறது.

மொழிக்காக நீங்கள் பயப்பட வேண்டாம். இங்கே கடைக்குப் பேர் 'கெடாய்'. கப்பல் 'கபால்'. கட்டில் 'காத்தில்'. எல்லாம் நம்மிடம் வாங்கிக்கொண்டு போனதுதான், ஆயிரம் வருஷமாகியும் திருப்பித் தரவில்லை. குளத்தை மட்டும் 'கோலாம்' என்பார்கள். சித்தி கோலம் என்று நினைத்து மாவு டப்பாவோடு இறங்கிவிடப் போகிறார்கள், சொல்லி வையுங்கள்.

திருச்சியில் ஏறினால் கோலாலம்பூர். அங்கிருந்து பட்டர்வொர்த் வரை பஸ். தீவுக்குப் பாலம் இருக்கிறது, 1985இல் திறந்தது, பதின்மூன்றரை கிலோமீட்டர். பாலத்தில் வராதீர்கள். துறைமுக ஊருக்குள் பாலத்தில் போவது, கல்யாண வீட்டுக்குக் கொல்லைப்புறமாகப் போவது மாதிரி. ஃபெர்ரியில் வாருங்கள். கால்மணி நேரப் பயணம். முன்பெல்லாம் தீவுக்குப் போகத்தான் காசு வாங்கினார்கள், திரும்பிவரக் காசு கிடையாது. நம் கொள்ளிடத்துப் பரிசல்காரர் இதைக் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

ஃபெர்ரியில் வடக்குப் பக்கமாக நில்லுங்கள். மப்பில்லாத நாளாக இருந்தால் தூரத்தில் நீலமாக ஒரு மலை தெரியும். குனுங் ஜெராய். அது நிற்கும் சீமைக்கு இன்றைய பேர் கெடா. அதுதான் சித்தப்பா, நம் கடாரம். 1025இல் நம்ம மாவட்டத்துக்காரர் ஒருத்தர் கங்கைகொண்ட சோழபுரத்தில் உட்கார்ந்துகொண்டு கப்பல் அனுப்பினாரே, அதே கடாரம். மலையடிவாரத்தில் பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் அடித்தளங்கள் இருக்கின்றன, ஒரு நாள் ஒதுக்கினால் போய்வரலாம். நம் திருமழபாடிக் கோயில் விமானத்தைப் பிரித்துக் கட்ட ராஜராஜன் உத்தரவிட்டதும், சுவரிலிருந்த கல்வெட்டையெல்லாம் முதலில் புத்தகத்தில் படியெடுத்து வைத்ததும், கப்பல் அனுப்பின அதே ராஜேந்திரனின் பதினாலாம் ஆட்சியாண்டில் அதைத் திரும்பக் கல்லில் வெட்டியதும் நீங்கள் எனக்கு நூறு தடவை சொன்ன கதை. இப்போதுதான் கணக்குப் போட்டேன். பதினாலாம் ஆண்டு என்றால் 1026. இங்கே கப்பல் வந்த மறு வருஷம் அங்கே உளி தட்டியிருக்கிறார்கள். முதல் தடவை அந்த மலையைப் பார்த்தபோது எனக்கு மீசை துடித்தது. பக்கத்தில் நின்ற மலாய்க்காரர் குளிருகிறதா என்று கேட்டார்.

கரையிறங்கினதும் நேரே நாசி கண்டார். இல்லை, இருங்கள், பூசம் முடிகிற வரை நீங்கள் சைவம். அதனால் மறுநாள். ஆனால் விவரத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், எழுதும்போதே எனக்கு எச்சில் ஊறுகிறது.

இதைக் கண்டுபிடித்தவர்கள் நம்ம கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள். கம்பின் ஒரு பக்கம் சோற்றுப் பானை, மறுபக்கம் குழம்புப் பானை, துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களிடம் போய் விற்றார்கள். இப்போது கம்பு போய்க் கடை வந்துவிட்டது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பதினைந்து தட்டு. கோழி, ஆட்டுக்கறி, மீன் தலை, உள்ளங்கை அகலக் கணவாய், மீன் முட்டை, வெண்டைக்காய். வரிசையில் நின்று நகர்ந்துகொண்டே விரலால் காட்ட வேண்டும். கடைசியில் கரண்டிக்காரர் உங்களைப் பார்ப்பார். அப்போது நீங்கள் சொல்ல வேண்டிய ஒரே மந்திரம்: "பாஞ்சிர்." வெள்ளம் என்று அர்த்தம். சொன்னதும் கோழிக் குழம்பில் ஒரு கரண்டி, மீன் குழம்பில் அரைக் கரண்டி, பருப்பில் கொஞ்சம், பிறகு பேர் தெரியாத கறுப்புக் குழம்பு ஒன்று, எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். 2018 ஆடியில் கொள்ளிடம் இருகரை தொட்டு ஓடியதே, அந்தக் காட்சிதான் தட்டில். நம் வீட்டில் சாம்பாரும் ரசமும் எல்லை தாண்டினால் பாட்டி கரண்டியாலேயே போடுவாள். இங்கே எல்லை தாண்டினால்தான் ருசி.

ஒரு எச்சரிக்கை. முதல் நாள் நான் விலை கேட்காமல் கணவாயையும் இறாலையும் காட்டிவிட்டேன். கல்லாவில் சொன்ன தொகையைக் கேட்டு, மனசுக்குள் ரூபாய்க்கு மாற்றிப் பார்த்து, அன்று ராத்திரி சாப்பிடவில்லை. வயிறும் ஒத்துழைத்தது.

இன்னொரு சேதி. நம் பினாங்குத் தாத்தா நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறி வந்து இங்கே ஹார்பர் ஆபீஸில் உத்தியோகம் பார்த்ததாகத்தானே ஊரில் பேச்சு? கோட்டுப் போட்ட போட்டோ கூட மாட்டியிருக்கிறதே. கடைத் திண்ணையில் ஒரு பெரியவரிடம் தாத்தா இருந்த தெருவையும் காலத்தையும் சொன்னேன். சிரித்துவிட்டு, "அந்தத் தெருவில ஆபீஸ்காரங்க யாரும் இருந்ததில்ல தம்பி, எல்லாம் மூட்டைக்காரங்கதான். கோட்டு ஸ்டுடியோல வாடகைக்குக் கிடைக்கும்" என்றார். இதை அப்பாவிடம் சொல்ல வேண்டாம். ஆனால் தாத்தா தோளில் மூட்டையை இறக்கிவிட்டு, இன்னொருத்தர் தோளிலிருந்து இறங்கிய சோற்றைத் தின்றிருப்பார் என்று நினைத்தபின், நான் பார்சல் வாங்குவதில்லை. அங்கேயே உட்கார்ந்துதான்.

லக்சாவும் சாப்பிட வேண்டும். புளிவிட்ட மீன் குழம்பில் கனத்த இடியாப்பத்தைப் போட்டு, மேலே அன்னாசி, வெள்ளரி, புதினாவைத் தூவியது என்று கற்பனை செய்யுங்கள். கற்பனையில் வாந்தி வரும். வாயில் வைத்தால் இரண்டாவது கிண்ணம் வரும். வெயிலுக்கு சென்டோல்: பனித்தூள், தேங்காய்ப்பால், தென்னங்கருப்பட்டிப் பாகு, சிவப்புக் காராமணி மாதிரி ஒரு பயறு, பச்சைப் புழு மாதிரி அரிசிமாவு. பினாங்கு ரோட்டுப் பக்கத்துச் சந்தில் நின்றுகொண்டேதான் குடிக்க வேண்டும். உங்கள் சர்க்கரைக்கு ஆகாது. சித்தி குடிப்பார்கள், நீங்கள் கிண்ணத்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

மார்க்கெட் தெருவில் இட்லி, பொங்கல், வாழையிலைச் சாப்பாடு எல்லாம் உண்டு. அங்கே கூட்டிப்போக மாட்டேன். இட்லிக்காகவா கடல் தாண்டி வருகிறீர்கள்?

சாயங்காலம் சீனர்களின் மரத்துறைக்குப் போவோம். கடலுக்குள் கழி நட்டு, அதன்மேல் பலகை போட்டு, தெருவே கட்டியிருக்கிறார்கள். வாசலில் சாமி மாடம், பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தால் கீழே அலை. சித்திக்குப் பாத்திரம் தேய்க்கத் தோதான இடம்.

பூசத்தன்று தண்ணீர்மலை முருகன். 513 படி. உங்கள் முழங்காலை நினைத்து நான் இப்போதே வேண்டிக்கொண்டுவிட்டேன். ரதம் வரும் வழியெல்லாம் தேங்காய் உடையும், சீனர்களும் சேர்ந்து உடைப்பார்கள். தேங்காய் என்ன விலை என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள்.

வரும்போது சித்தி கையால் போட்ட மோர் மிளகாய் ஒரு கிலோ, நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு டப்பா. நீங்கள் எனக்காக நாலு ஜாதகம் கொண்டுவருவதாக அம்மா சொன்னார்கள். நந்தி கல்யாணம் பார்த்தால் முந்திக் கல்யாணம் என்று நம்மூர்த் திருவிழாவில் என்னைத் தோளில் தூக்கிவைத்துக் காட்டியவர் நீங்கள். பதினேழு தடவை பார்த்திருக்கிறேன், வயது முப்பத்தைந்து. மாப்பிள்ளை நந்தியாவது திருவையாற்றிலிருந்து ஒரு கொள்ளிடம்தான் தாண்டினார். நான் ஒரு கடலே தாண்டி உட்கார்ந்திருக்கிறேன். பொண்ணுக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்க வேண்டாம். எல்லாக் குழம்பையும் ஒரே தட்டில் ஊற்றினால் முகம் சுளிக்காமல் சாப்பிடுமா என்று மட்டும் விசாரித்து வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்

பின்குறிப்பு: இந்தத் தடவை ஆறாவது போடுங்கள். சுவரில் இடமிருக்கிறது.