மயிரிழை எழுத்தும் மண்டப விலாசமும்

ஏலே பேராண்டி, நீ டிசைன் பண்ணுன கல்யாணப் பத்திரிகையைப் பாத்தேன். அழகுன்னா அழகு, அப்படியொரு அழகு! பாக்கத்தான் முடிஞ்சுது, படிக்க முடியல. இங்கிலீஷ் பக்கம் பூரா போடோனி இட்டாலிக். மண்டப விலாசமும் அதே எழுத்துதான், எட்டு பாயிண்ட்ல. சொந்தக்காரன் எவனாவது அடுத்த மண்டபத்துல புகுந்து, சாப்பிட்டு, மொய்யும் எழுதிட்டு வந்தா சம்பந்திக்கு யாருலே ஜவாப்பு சொல்லுவா?

உன்மேல குத்தமில்ல. அந்த எழுத்து ஆளை மயக்கிரும். இத்தாலியில பார்மா பிரபுவோட அச்சகத்தை 1768லருந்து நடத்துன மனுசன் போடோனி. தடிச்ச கோட்டை ஒட்டி மயிரிழைக் கோட்டை நிறுத்தி வேடிக்கை காட்டுனாரு. பாரிஸ்ல திதோ குடும்பமும் இதே சோலியாத்தான் திரிஞ்சுது. ஆனா அவங்களுக்கு வழவழன்னு காகிதம் இருந்துச்சு. நீ சொரசொரப்பு அட்டையில தங்கக் கலர் ஃபாயில் அடிச்சிருக்கே. உத்துப் பாரு: இங்கிலீஷ் சின்ன 'ஈ' எழுத்துக்கு நடுக்கோடே விழல, 'சி'ன்னு வாயைப் பொளந்துட்டு நிக்கி.

"அந்தக் காலத்துல புஸ்தகமே இட்டாலிக்ல போட்டாங்களே தாத்தா"ன்னு செல்போனைத் தடவிட்டு வருவே. வாஸ்தவந்தான். 1501ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ், வெர்ஜில் கவிதையைக் கைக்கு அடக்கமா இட்டாலிக்ல அச்சடிச்சாரு. கேப்பிடல் மட்டும் நேரா நிக்கும். ஆனா அது பேனாக் கையெழுத்தைப் பாத்து வெட்டுன அச்சு. அதுல ஏதுலே மயிரிழை?

1994ல அச்செழுத்து விக்குற ஐடிசி கம்பெனிக்காரன் போடோனியைப் புதுசா வரையும்போது 6, 12, 72 பாயிண்டுக்குன்னு மூணு தினுசா வரைஞ்சான். ஆறுக்குக் கோடு கொஞ்சம் தடிப்பு, எழுபத்திரண்டுக்குத்தான் மயிரிழை. நீ பெரிசுக்கு உள்ளதை எடுத்து எட்டுக்குச் சுருக்கியிருக்கே. அப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டுனா பிள்ளைக்கு டவுசர் ஆயிருமா?

தமிழ்ப் பக்கத்தையாவது விட்டியா? 'ஐ' பட்டனை அமுக்கிச் சாய்ச்சுப்புட்டே. இட்டாலிக்னா வெறுஞ்சாய்ப்பு இல்லலே. இங்கிலீஷ்ல சின்ன 'ஏ'யும் 'எஃப்'பும் உருவத்தையே மாத்திக்கிடும். நீ சாய்ச்ச சாய்ப்புல மாப்பிள்ளை பேரு இப்பவே தள்ளாடுது. பொண்ணு வீட்டுக்காரன் வேற எதையாவது நினைச்சுக்கிடப் போறான்.

கிழவன் பேச்சைக் கேக்கதா இருந்தா கேளு. பொண்ணு மாப்பிள்ளை பேரை மட்டும் அந்த எழுத்துல, நல்லாப் பெருசாப் போடு. நாளு, நேரம், விலாசமெல்லாம் சாதா எழுத்துல நிமிந்து நிக்கட்டும். மொத்தமா அடிக்க முன்னாடி அதே அட்டையில ஒரு புரூப் எடு. அறுபது தாண்டுன ஆளு ஒருத்தர்ட்ட குடுத்து விலாசத்தை வாசிக்கச் சொல்லு. தட்டாம வாசிச்சாருன்னா ஆர்டர் குடு. ஆளு கிடைக்கலேன்னா நான் திண்ணையில சும்மாதாம்லே இருக்கேன்.