ஏனங்கழுவியல்: கழுவுபொறிப் பகுதி

மாணாக்க, உண்ட ஏனத்தை உண்ணாத நிலைக்குக் கொணர்தல் கழுவு எனப்படும். அது கையாற் செய்யின் கைக்கழுவு, பொறியாற் செய்யின் பொறிக்கழுவு. கைக்கழுவை முன்னைப் பகுதியுள் முடித்தோம். இப்பகுதி பொறிக்கழுவு கூறும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடைப்பட்ட அடுக்களைகளின் ஏனங்களே இந்நூலுக்கு எல்லை. கடல் கடந்த பழம்பொறி ஒன்றே அளவுகோல். இரண்டும் எங்ஙனம் பொருந்தும் எனின், பொருந்துவனவும் பொருந்தாதனவும் பிரித்துக் காட்டலே எம் வேலை என்க.

எல்லையை ஏன் இவ்வாறு கொண்டோம் என்பதையும் அறிக. விழுப்புரத்தில் ஐந்து தொடர்வண்டித் தடங்கள் கூடுகின்றன. சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி ஆகிய ஐம்புலத்தாரும் அங்கு இறங்கி ஏனத்தை அழுக்காக்குவர். திண்டிவனத்தில் புதுச்சேரிக்கும் செஞ்சிக்கும் வழி பிரிகிறது. அங்கே பேருந்து நிற்கும் சிறு பொழுதுக்குள் இரண்டு இட்லி ஒரு வடை முடித்து, கை துடைத்தபடியே ஏறுவோர் பலர். உண்போர் விரைய ஏனம் குவியும். ஏனம் குவியாத ஊரில் இந்நூல் தோன்றுதற்கு இடமில்லை.

பொறியின் வகை

ஏனம், நீர் ஆகிய இரண்டனுள் அலைவது எது என்பதனால் கழுவுபொறி மூவகைப்படும். அவை நீரலை, இருவலை, குழலலை.

நீரலையாவது, ஏனம் நிற்க, கையாற் சுற்றும் உருளி ஒன்று நீரை அள்ளி அதன்மேல் வீசுவது. 1850-இல் அமெரிக்காவில் சோயல் ஓட்டன் என்பார் மரத்தாற் செய்து காப்புரிமை பெற்றார். ஏனம் நனைந்தது. அதற்குமேல் இவ்வகை பற்றிக் கூற ஒன்றுமில்லை. நனைதல் வேறு, கழுவப்படுதல் வேறு. இவ்வேறுபாடு அறியாத கடைகள் நம் எல்லைக்குள்ளும் உள, பெயர் கூறோம்.

இருவலையாவது, நீரும் பாய, ஏனமும் சுழல்வது. இதுவே நம் அளவுகோற் பொறி. ஆகலின் நின்று கேட்க. இல்லினாய் மாநிலத்துச் செல்பிவில் என்னும் ஊரினர் சோசபின் காக்கிரேன் அம்மையார். அவர் வீட்டுப் பழம் பீங்கான் ஏனங்கள் பணியாட்கள் கழுவுகையில் விளிம்பு சிதைந்தன. தாமே கழுவிப் பார்த்தார். அது அவர்க்கு உவக்கவில்லை. 1883-இல் கணவர் கடனை விட்டு இறந்தார். வீட்டுக்குப் பின்னுள்ள விறகுக் கொட்டகையில், சார்சு பட்டர்சு என்னும் பொறிவினைஞர் துணையோடு, அம்மையார் பொறியைச் செய்து முடித்தார். 1886 திசம்பர் 28 அன்று காப்புரிமை கிடைத்தது. அதன் எண் 355139. இதனை மனத்திற் பதிக்க, தேர்வில் வரும்.

அம்மையார் முதலிற் செய்தது யாது? சுழலியும் அன்று, கொப்பரையும் அன்று. ஏனங்களை அளந்தார். தட்டுக்கு ஒன்று, கிண்ணத்துக்கு ஒன்று, கிண்ணத்தின் அடித்தட்டுக்கு ஒன்று எனக் கம்பியை வளைத்து அறைகள் செய்தார். அறைகளைச் சுழலி ஒன்றிற் பொருத்தி, அதனைச் செம்புக் கொப்பரைக்குள் படுக்கையாக இட்டார். கைப்பிடியைச் சுற்றச் சுழலி சுற்றும். அடியிலிருந்து வழலை கலந்த வெந்நீர் பீறி எழும். வழலை என்பது ஊரார் சோப்பு என்பது. பின்னர்த் தனி வெந்நீர் பாய்ந்து வழலையை அகற்றும். நார், தூரிகை, விரல் ஆகியவற்றுள் எதுவும் ஏனத்தைத் தொடாது. தேய்ப்பு நீக்கிப் பாய்ச்சலே கொண்ட கழுவு இது என்பதனை அடிக்கோடிடுக.

இல்லத்துக்கென எண்ணிச் செய்த பொறியை இல்லங்கள் வாங்கவில்லை. அத்துணை வெந்நீர் காய்ச்ச அன்றைய வீடுகளில் வழியில்லை. பெருங்கொதிகலன் வைத்திருந்த விடுதிகளே வாங்கின. சிகாகோவின் பாமர் விடுதி அவற்றுள் ஒன்று. 1893-இல் அவ்வூரில் நிகழ்ந்த உலகக் கண்காட்சியில் இப்பொறி கட்டமைப்புக்கும் நீடித்த உழைப்புக்குமாகப் பரிசு பெற்றது.

குழலலையாவது, ஏனம் நிற்க, துளையிட்ட குழல் சுழன்று நீர் தெளிப்பது. 1924-இல் இங்கிலாந்தின் வில்லியம் லிவன்சு என்பார் வீட்டுக்கென வகுத்தது. இவரே முதல் உலகப் போரில் தீயெறி கருவிகள் செய்தவர். இந்நாளில் கடையில் விற்பனவெல்லாம் இக்குழலலையின் வழிவந்தனவே. ஆயினும் ஏனத்துக்கு ஏற்ற கம்பியறை என்னும் கருத்து காக்கிரேன் அம்மையாரிடமிருந்தே வந்தது. பொறி மாறியது, அறை மாறவில்லை.

ஏனத்தின் வகை

இனி, அவ்வறையில் நம் ஏனம் நிற்குமா எனக் காண்போம். டம்ளர், டபரா முதலியவற்றுக்குத் தூய பெயரிட யாம் முயலவில்லை. அடுக்களையில் வேறு பெயர் சொல்லிக் கேட்டால் ஏனம் கைக்கு வராது.

நிற்பன என்பன தட்டுகள். இவற்றைச் செங்குத்தாக நிறுத்தினால் இரு பக்கமும் நீர் பாயும். அம்மையார் அறைக்கு முழுதும் உடன்பட்டவை இவையே. இவற்றுள் பள்ளம் பகுத்த சாப்பாட்டுத் தட்டு ஒரு கிளை. அதன் ஊறுகாய்ப் பள்ளம் பிற பள்ளங்களின் பாய்ச்சலுக்கு மறைவில் ஒதுங்கி நிற்கும். எப்பொறியும் முதலில் தோற்பது அப்பள்ளத்தில்தான்.

கவிழ்வன என்பன டம்ளரும் டபராவும். கவிழ்த்தால் கழுவப்படும், நிமிர்த்தால் நிரம்பும். டம்ளரின் வாயை விரலால் தடவிப் பார். தகடு வெளிப்புறமாகச் சுருண்டு ஒரு மடிப்பாக நிற்கும். அம்மடிப்புக்குள் நீர் புகுந்து ஒளிந்துகொள்ளும். பொறி ஓய்ந்து, டம்ளர் உலர்ந்து, அடுக்கில் ஏறி, காப்பி ஊற்றும் வேளையில் அந்நீர் இறங்கி உதட்டின்மேல் சொட்டும். இதற்கு மடிநீர் எனப் பெயரிட்டோம். மடிநீரை நீக்கும் கருவி இதுவரை ஒன்றே, அது முந்தானை.

ஒடுங்குவன என்பன சொம்பும் குடமும். வயிறு அகன்று கழுத்துச் சுருங்கியவை. நீர் உட்புகும், உள்ளே திரும்பாது. பொறிக்கு இவை பகை.

துளையன என்பன இட்லித்தட்டு, வடிதட்டு, சல்லடை ஆகியன. துளை வழியே நீர் போவதால் பொறிக்கு இவை உறவு. இட்லித்தட்டில் துணியிட்டு ஊற்றுவாரும் உளர். அவர் தட்டில் மாவு ஒட்டாது. துணியிற் போய் ஒட்டும். துணி வெளுத்தல் இந்நூலின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

இடங்கொள்வன என்பன அண்டா, குண்டான், சாம்பார் வாளி. மணமண்டபத்து அண்டாவை அறைக்குள் வைக்க இயலுமா என வினவல் பிழை. பொறியினுள் அண்டா புகாது. அண்டாவினுள் பொறி புகும். ஆகலின் இவ்வகைக்கு அளவுகோல் தலைகீழாகும் எனக் கொள்க.

பற்றின் வகை

ஏனத்தில் ஒட்டி நிற்பது பற்று. இதனை அறியாது பொறி வாங்குவார் பணம் இழப்பர்.

நெய்ப்பற்று சூட்டில் உருகும், வழலையில் கரையும், பொறிக்கு எளிது. முன்னாளில் விறகுச் சாம்பலிட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தோர் அறிவிலார் அல்லர். சாம்பலின் உவர் எண்ணெயோடு கூடி வழலையாக மாறும். அவர்கள் தேய்க்கும்போதே வழலை செய்துகொண்டிருந்தனர். சபீனாத் தூள் பின்னால் வந்தது.

மாப்பற்று சோறு, இட்லி மாவு, கஞ்சி ஆகியவற்றால் வருவது. ஈரமாய் இருக்கையில் ஒரு விரலுக்குப் பணியும், காய்ந்தால் உளி கேட்கும். ஊறவைத்தல் ஒன்றே இதற்கு வழி. எந்தப் பொறிக்கும் இவ்வழியிலிருந்து விலக்கில்லை.

பாற்பற்று பால் காய்ச்சிய ஏனத்தின் அடியிற் படிவது. மாணாக்க, இங்கே விழிப்பு வேண்டும். பாலின் ஊட்டப்பொருள் சூட்டில் இறுகும் இயல்பினது. வெந்நீரை உடனே பாய்ச்சினால் பற்று விடாது, மேலும் பற்றும். முதலில் தண்ணீர், பின்னரே வெந்நீர். வெந்நீர் மிக்கிருந்தால் எல்லாம் கழுவப்படும் என நம்புவார் ஒருமுறை பாற்பாத்திரத்தை, அதாவது பாலேனத்தை, நேரிற் காண்க.

கரிப்பற்று விறகடுப்பின் கொடை. பாய்ச்சலுக்கு அசையாது. புளி பித்தளைக்கு மட்டுமே உதவும், கரிக்கு உதவாது. இதற்குமேல் நீட்டோம்.

எழுத்துப்பற்று என்னும் ஐந்தாம் வகையை எம் முன்னோர் எவரும் கூறவில்லை. மணவீட்டுக்கு எவர்சில்வர் ஏனம் வாங்கின், கடையில் ஊசிக்கருவியால் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டித் தருவர். அப்புள்ளிக் குழிகளில் குழம்பு தங்கும். எல்லா எழுத்திலும் ஒரே அளவில் தங்காது என்பதே நுட்பம். ட, ப, ம ஆகிய நேரெழுத்துகளில் குறைவு. ண, ஞ, ழ ஆகிய சுழியெழுத்துகளில் மிகுதி. பழைய தட்டு ஒன்றைச் சாளரத்து ஒளியிற் சாய்த்துப் பார்த்தால், ணகரத்தின் சுழிகளில் மஞ்சள் ஏறிப் பொன்னிழை போல மின்னுவதும், பக்கத்துப் பகரம் வெறிதே வெளுத்திருப்பதும் தெரியும். பாய்ச்சல் இக்குழிகளின் மேலோடிப் போகும், உட்செல்லாது. ஆகவே மொய் ஏனம் தருவோர் ட, ப, ம எழுத்தாலாய பெயருடையார் ஆயின் முழுப்பெயர் வெட்டுக. ஏனையோர் முதலெழுத்தோடு நிற்க. சண்முகம், ஞானமணி முதலியோர் பொறுத்துக்கொள்க.

நீரின் இயல்பு

நம் எல்லையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பல இடங்களில் கடினமானது. உப்புத் தண்ணீர் என்பர். அந்நீரிற் சுண்ணம் கலந்திருந்தால் வழலை நுரைக்காது, திரியும். டம்ளர் உலர்ந்தபின் மேலே வெண்பூச்சுப் படியும். இந்நாளைப் பொறிகளில் இதற்கென மணிகள் நிரப்பிய சிற்றறை உண்டு. மணிகள் சுண்ணத்தைப் பிடித்துக்கொள்ளும். உப்புநீர் பாய்ந்து அவற்றை மீண்டும் வெறுமையாக்கும். ஆகவே உப்புத் தண்ணீரைத் திருத்த உப்பே வேண்டும். திண்டிவனத்துக்குக் கிழக்கே கடற்கரையில் மரக்காணம் உப்பளங்கள் விரிந்து கிடக்க, பொறிக்கென வண்ணப் பெட்டியில் அடைத்த உப்பை மிகு விலைக்கு வாங்குவோரை யாம் வகைப்படுத்தவில்லை. அயோடின், மண், சுண்ணம் ஆகியன கலவாத தூய உப்பு என்பதே வேண்டற்பாலது.

கழுவுவார் வகை

கைக்கழுவில் கழுவுவார் நால்வர்: தேய்ப்பார், அலசுவார், துடைத்து அடுக்குவார், குறை கூறுவார். முதல் மூவரும் பெரும்பாலும் ஒரே பெண். நான்காமவர் தனியாள், பெரும்பாலும் நாளிதழோடு இருப்பவர். காக்கிரேன் அம்மையாரின் பொறி முதல் இருவரின் வேலையை ஏற்றது. துடைத்து அடுக்குதல் இன்றும் கைக்கே எஞ்சியுள்ளது. நான்காமவர் வேலை பொறி வந்தபின் குறையவில்லை, கூடிற்று. முன்பு ஏனத்தை மட்டும் கூறியவர் இப்போது மின்கட்டணத்தையும் சேர்த்துக் கூறுகிறார்.

தடையும் விடையும்

வாழையிலையில் உண்டால் கழுவே வேண்டாவே எனத் தடை எழுப்புவாய். நன்று. ஆயின் இலையைத் தட்டின்மேல் வட்டமாக நறுக்கியிட்டு இட்லி பரிமாறும் கடைகளை நோக்குக. சாம்பார் இலையின் ஓரம் தாண்டித் தட்டிற் புகும். தட்டு கழுவப்பட்டே தீரும். இதற்கு அரைக்கழுவு எனப் பெயர். நெகிழித் தாளை விரித்துத் தப்பிய காலமும் இருந்தது. 2019 சனவரி 1 முதல் தமிழ்நாட்டு அரசு அத்தாளையும் ஒருமுறை எறியும் நெகிழிப் பொருள்கள் பிறவற்றையும் தடுத்தது. அதனால் எவர்சில்வர் மீண்டது, ஏனங்கழுவியலும் உயிர்த்தது.

ஆள் வைத்துக் கழுவினால் ஆகாதோ என்பது மற்றொரு தடை. ஆகும். 2020-இல் ஊரடங்கின்போது வீட்டுக்கு ஆள் வர இயலாமற் போயிற்று. அத்திங்கள்களில்தான் கழுவுபொறியின் விலையைப் பலர் முதன்முதலாகக் கேட்டனர். கேட்டவருள் நாளிதழ்க்காரர் பலர் இருந்தனர் என்பதைக் குறித்துக்கொள்க.

அடுத்த பகுதி கரண்டி. குழிக்கரண்டி, சல்லிக்கரண்டி, தோசைத் திருப்பி ஆகியவற்றை யாமே கூறுவோம். பருப்பு மத்துக்குக் கம்பியறை இதுகாறும் எவரும் வளைத்திலர். அதனை உனக்கு விடுகிறோம். வீட்டு மத்தின் வெட்டுப் பள்ளங்கள் எத்தனை, ஒவ்வொன்றிலும் பருப்பு எவ்வளவு ஆழம் என அளந்து எழுதி வருக. மத்தையும் உடன் கொணர்க. கழுவிய மத்து ஏற்கப்படாது.