பெட்ரோல் டேங்க் மேல ஒரு பள்ளிக்கூடம்

மருமவனே, பேரனுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுக்க நேரமே கெடைக்கலேன்னு பொலம்புதியாமே? ஒங்கம்மா சொன்னா. அட, அவன் பொறந்ததுல இருந்து நீ வேற என்னத்தச் சொல்லிக்கொடுத்துக்கிட்டு இருக்க? பாடம் எல்லாம் முடிஞ்சிட்டு. பரீட்சையும் எழுதிட்டான்.

பள்ளிக்கூடத்துல டீச்சர், வீட்டோட எல்லாரும் ரோட்டுல போற மாதிரி படம் வரையச் சொல்லியிருக்காக. வரஞ்சத நேரா எங்கிட்டதான் கொண்டாந்து காட்டுனான். ஒரு பைக். டேங்க் மேல அவன். பின்னால நீ. ஒனக்குப் பின்னால மருமவ, அவ மடியில கைப்பிள்ள. ஒன் தலை மட்டும் ஒரு பக்கமாச் சாஞ்சு தோளோட ஒட்டிக் கெடக்கு. “ஏலே, ஒங்கப்பனுக்குக் கழுத்துச் சுளுக்கா?”ன்னு கேட்டேன். “இல்ல தாத்தா, அப்பா போன் பேசுதாரு”ங்கான். கண்ணாடியில உருண்டையா ஒண்ணு தொங்குது. அது ஹெல்மெட்டாம். போலீசு நிக்கிற எடத்துல மட்டும் அப்பா தலைக்கு ஏறுமாம், தாண்டுனதும் எறங்கிருமாம். பிள்ள ஒரு கோடு கூடப் பொய்யா இழுக்கல. டீச்சரு ‘மிக நன்று’ன்னு எழுதி நட்சத்திரம் வேற போட்டிருக்காக. படத்துக்கா ஒனக்கான்னு தெரியல.

சர்க்காருக்கும் வேற சோலி இல்ல பாரு. 2019-ல மோட்டார் வாகனச் சட்டத்தத் திருத்தி, நாலு வயசு தாண்டுன எல்லாருக்கும் ஹெல்மெட்டுன்னு எழுதிட்டாக. அதோட விட்டாகளா? ஒம்போது மாசத்துல இருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளைய பைக்குல கூட்டிட்டுப் போனா, ஓட்டுற ஆளோட சேத்துப் பிடிச்சிக்கிற வார்ப்பட்டை மாட்டணும், பிள்ளைக்கும் தலைக்கவசம் போடணும், வேகம் நாப்பது கிலோமீட்டரத் தாண்டக் கூடாது. 2023 பிப்ரவரி 15-ல இருந்து இதுவும் நடப்புல இருக்கு. ஓட்டுறவன் போகப் பின்னால ஒரே ஒரு ஆளுதான்னு பழைய சட்டமும் அப்படியே கெடக்கு. நீ நாலு பேராக் கழுகுமலைக்குப் போயிட்டு வாரத அவுக பாக்கல போலிருக்கு. பாத்திருந்தா சட்டத்த மாத்தி எழுதியிருப்பாக.

ஒங்க அண்ணன் மவன் எட்டாப்பு படிக்கான். அந்த டி.வி.எஸ். எக்ஸெல்ல அவன் பறக்கதப் பாத்து ஒங்க குடும்பமே பூரிச்சுப் போய் நிக்கியளே, அதுக்கும் ஒரு பரிசு வச்சிருக்காக. பதினெட்டு நெறையாத பயகிட்ட வண்டியக் கொடுத்து அவன் தப்புப் பண்ணுனா, பெத்தவனுக்கு மூணு வருசம் வரைக்கும் உள்ள கெடக்குற யோகம், அதோட இருபத்தஞ்சாயிரம் அபராதம். வண்டிப் பதிவு ஒரு வருசத்துக்கு ரத்து. பயலுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் லைசென்சு கெடையாது. பொண்ணு பாக்கப் போற எடத்துல மாப்பிள்ளய மச்சினன் வண்டியில பின்னால உக்கார வச்சித்தான் கூட்டிட்டுப் போகணும். ஒங்க அண்ணங்கிட்டச் சொல்லி வையி.

எங்க அப்பன் என்னயக் கூட்டிட்டுப் போனது மாட்டுவண்டியில. சந்தை முடிஞ்சு திரும்புறப்ப அவரு தூங்கிருவாரு, நானும் தூங்கிருவேன். மாடு பதனமா வீட்டு வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டிரும். ஒன் வண்டிக்கு அந்தப் புத்திய கம்பெனிக்காரன் இன்னும் வச்சு அனுப்பல, அதனாலதான் இம்புட்டும் பேச வேண்டியிருக்கு.

ஆனா ஒன்னயச் சும்மா சொல்லக் கூடாது, பிள்ளைக மேல ஒனக்கு அக்கறை உண்டு. பள்ளிக்கூட வேன் டிரைவரு ஒரு நாள் போன் பேசிக்கிட்டு ஓட்டுனான்னு அந்த மனுசனச் சட்டையப் புடிச்சி உலுக்கிட்டல்லா! அது சரியான காரியம். 2012-ல சென்னையில பள்ளிக்கூட பஸ்ஸோட தரையில இருந்த ஓட்டை வழியா விழுந்து ஒரு சின்னப் பொண்ணு செத்துப்போச்சு. அதுக்குப் பெறகுதான் பள்ளிக்கூட வண்டிகளுக்குன்னே தமிழ்நாட்டுல தனி விதி வந்துச்சு. அதனால வேன் டிரைவரக் கேள்வி கேளு, நல்லாக் கேளு. கேக்குறப்ப அந்தப் போன தோள்ல இருந்து எடுத்துச் சட்டைப்பையில போட்டுட்டுக் கேளு.

சரி, நெசமாவே சொல்லிக்கொடுக்கணும்னு ஆசையிருந்தா, ஒரு சாயங்காலம் அவனக் கூட்டிட்டு நாலுவழிச் சாலையோரம் டீக்கடை பெஞ்சில வந்து உக்காரு. சுவத்துல ஒட்டுற படம் வேண்டாம். அதுல செவப்பு வெளக்கும் பச்சை வெளக்கும் வரிக்குதிரைக் கோடும் இருக்கும். நம்ம ஊருல மூணும் கெடையாது. நம்ம ரோட்டுல இருக்கதக் காட்டு. யாரு யாரெல்லாம் போறாக, அவுகவுக கொணம் என்னன்னு சொல்லு.

லாரிய மொதல்ல காட்டு. அதோட மூக்குக்குக் கீழ ஒட்டி நிக்கிற பிள்ள டிரைவரு கண்ணுக்குத் தட்டுப்படாது. எடப்பக்க மூலையில நின்னாலும் அப்படித்தான். டிரைவரு மூஞ்சி ஒனக்குத் தெரியலேன்னா நீயும் அவருக்குத் தெரியலேன்னு சொல்லு. டிராக்டரு வளையும்போது பின்னால டிரெய்லரு உள்பக்கமா வெட்டிக்கிட்டு வரும். அதுல பாட்டு வேற போட்டிருப்பான், நீ கத்துனாலும் கேக்காது. ஆட்டுக் கெடையில ஒரு ஆடு குறுக்கப் பாஞ்சா அம்புட்டும் பாயும். மாடு ஆரன் சத்தத்துக்கு அசையாது. ரோடு தனக்குத்தான் பாத்தியம்னு நெனைக்கிற சீவன்ல அதுவும் ஒண்ணு, இன்னொண்ணு யாருன்னு ஒனக்கே தெரியும்.

பஸ்ஸு பத்தித்தான் நெறையப் பேசணும். எறங்குனதும் பிள்ளைக பஸ்ஸுக்கு முன்னாடி குறுக்க ஓடுதுக பாரு, அங்கதான் எமன் நிக்கான். பஸ்ஸ முந்திக்கிட்டு வாரவனுக்கு இந்த வாண்டு தெரியாது, இந்த வாண்டுக்கு அவன் தெரியாது. பஸ்ஸு கெளம்பிப் போய் ரோடு ரெண்டு பக்கமும் வெறிச்சுன்னு தெரியிற வரைக்கும் நின்ன எடத்துலயே நிக்கணும். இத வாயால நூறு தரம் சொல்லி பிரயோசனம் இல்ல. கூடவே எறங்கி, கூடவே நின்னு பழக்கணும்.

எமன்னதும் ஞாபகம் வருது. சாலைப் பாதுகாப்பு வாரத்துல எமன் வேசம் கட்டி ஒருத்தர ரோட்டுல நிப்பாட்டியிருந்தாகளே, அன்னைக்குப் பேரன் என்ன கேட்டான் தெரியுமா? “தாத்தா, எமன் எருமையில வர்றப்ப கிரீடந்தானே போட்டிருக்காரு, ஹெல்மெட் எங்க?” நான் முழிச்சேன். ஒன் வாரிசுதான், சந்தேகமே இல்ல.

ரோட்டக் கடக்கதுக்கு முன்ன வலது பாரு, இடது பாரு, திரும்ப வலது பாருன்னு புஸ்தகத்துல போட்டிருக்கான். நம்ம நாட்டுல வண்டி இடப்பக்கம் போறதால மொதல்ல மோத வாரது வலப்பக்கம் இருந்துதான், அதனால புஸ்தகம் சரி. ஆனா நடுத்திட்டுல தெறப்பு தூரமா இருக்குன்னு, பெட்ரோல மிச்சம் புடிக்க எதிர்த் தெசையில வருதியளே நீயும் ஒன் கூட்டாளிகளும், அது புஸ்தகம் எழுதுனவனுக்குத் தெரியாது. ஒன் மவனுக்கு நாலு தெசையும் பாக்கச் சொல்லிக்கொடு. அப்பா எந்தத் தெசையில இருந்து வருவாருன்னு யாரு கண்டா?

இன்னொண்ணு. அம்புட்டும் சொல்லிக்கொடுத்துட்டோம், இனி அவன் பாத்துக்கிடுவான்னு கையக் கழுவிராத. சுவீடன் தேசத்துல ஸ்டீனா சாண்டல்ஸ்னு ஒரு அம்மா 1960-கள்ல சின்னப் பிள்ளைகளையும் ரோட்டையும் வருசக்கணக்கா ஆராய்ஞ்சு பாத்துட்டு, எம்புட்டுப் பழக்குனாலும் அந்த வயசுப் பிள்ளையால போக்குவரத்துக்கு ஈடுகொடுக்க முடியாதுன்னு சொல்லியிருக்கா. பிள்ளைக்குத் தூரம் தெரியும், வேகம் பிடிபடாது. தான் பஸ்ஸப் பாத்துட்டா பஸ்ஸும் தன்னயப் பாத்துட்டதா நெனைக்கும். பந்து உருண்டா பின்னாலயே ஓடும், அப்ப நீ சொன்ன ஒண்ணும் காதுல நிக்காது. அறுபதுல வார காரு, நீ ‘டேய்’னு சொல்லி வாய மூடுறதுக்குள்ள பதினாறு மீட்டர் தாண்டிரும். அதனால பத்து வயசு வரைக்குமாவது பெரிய ரோட்டத் தனியாக் கடக்க விடாத. வெரலப் புடிக்காத, உருவிக்கிட்டு ஓடிரும், மணிக்கட்டப் புடி. நடைபாதை இல்லாத எடத்துல வலது ஓரமா, எதிர்க்க வார வண்டியப் பாத்துக்கிட்டு நட. பிள்ள ரோட்டுப் பக்கம் வேண்டாம், ஓரத்துப் பக்கம் வரட்டும்.

அடுத்த தரம் கோவில்பட்டி போறப்ப பேரனையும் பஸ்ஸுல கூட்டிட்டுப் போயி, அவன் தலையில வச்சுப் பாத்து, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள ஹெல்மெட்டா ஒண்ணு வாங்கு. தொளதொளன்னு ஆடக் கூடாது. காசு பத்தலேன்னா எங்கிட்ட வாங்கிக்கோ, வட்டி வேண்டாம். வண்டிக்குச் சேலைக் கம்பியும் போட்டுரு; மருமவ முந்தானையும் பிள்ள காலும் சக்கரத்துல சிக்காம இருக்கும். அதெல்லாம் ஆகுற வரைக்கும் அவன நடத்தியே பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிட்டுப் போ. அது ஒண்ணும் காசியில இல்ல, ஊருக்குத் தெக்க கூப்பிடு தூரந்தான்.